பாசறையும் கொட்டடியும்

வீரன் போர்க்களத்தில் நிற்கும் நாட்கள் சில. காத்திருக்கும் நாட்களோ பல. வரலாற்று நூல்கள் அந்தச் சில நாட்களைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. எந்த ஆண்டில் எந்தப் போர், வென்றவர் யார், தோற்றவர் யார் என்று நாமும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்த வீரன் எங்கே உறங்கினான், யாருடைய கட்டளைக்குள் வாழ்ந்தான் என்று நாம் கேட்பதில்லை. அவன் உறங்கிய அதே இடம் பின்னொரு நாளில் மற்றொருவனுக்குச் சிறையாகவும், வேறொருவனுக்குக் கொலைக்களமாகவும் ஆனதுண்டு. ஆங்கிலத்தில் 'பாரக்ஸ்' என்று வழங்கும் அந்தப் படைவீடுகளைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் செம்பாக்கத்தைச் சேர்ந்தவன். 2021ஆம் ஆண்டில் எங்கள் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அங்கிருந்து தாம்பரத்துக்குப் பேருந்தில் வருவோர், இராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் நடத்துநர் 'கேம்ப் ரோடு' என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பார்கள். நம் நண்பர்களில் பலர் ஏறி இறங்கும் நிறுத்தம் அது. 'கேம்ப்' என்றால் முகாம். நாள்தோறும் அச்சொல்லைச் சொல்கிறோம். முகாம் என்றால் என்ன, அதனுள்ளே வாழ்பவர் யார், அங்கே அவர்களுக்கு என்ன உரிமை உண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு எண்ணிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவற்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

சொல்லும் பொருளும்

படை தங்கும் இடத்துக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாசறை, பாடி, கட்டூர், பாளையம் என்பன அவற்றுள் சில. 'பாளையம்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தமிழகமெங்கும் பரவிக் கிடக்கின்றன. ஐரோப்பியர் வந்தபின் அவர்கள் மொழியிலிருந்து 'பட்டாளம்' வந்தது, 'லைன்' வந்தது, 'பாரக்' வந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு நூல். நப்பூதனார் பாடிய அந்நூலின் பெரும்பகுதி ஒரு பாசறையை நமக்குக் காட்டுகிறது. காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலியிட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைத்திருக்கிறார்கள். நாற்சந்தியில் யானை நிற்கிறது. இடையில் வாள் தரித்த மகளிர் விளக்கேற்றுகிறார்கள். நாழிகை வட்டில் பார்த்து நேரம் அறிவிப்போர் இருக்கிறார்கள். காவலுக்கு யவனர் நிற்கிறார்கள். இவ்வளவு பாதுகாப்புக்கு நடுவிலும் அரசனுக்கு உறக்கம் வரவில்லை. புண்பட்ட யானைகளையும், தனக்காக உயிர் கொடுத்த வீரர்களையும் எண்ணி அவன் விழித்திருக்கிறான். பாசறையில் கிடப்பவர்களுக்குத் தலைவன் பொறுப்பாளி என்னும் கருத்து அன்றே நம் இலக்கியத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதற்கு நேர் எதிரில் நிற்கும் சொல் 'கொட்டடி'. மாடு கட்டும் இடமும் கொட்டடிதான். கைதியை அடைக்கும் இடமும் சிறைக் கொட்டடிதான். நம் நாட்டுச் சிறைகளில் பலரைச் சேர்த்து அடைக்கும் நீண்ட கூடத்துக்கு இன்றும் 'பாரக்' என்றே பெயர். ஆக, படைவீரன் படுக்கும் கூடத்துக்கும் கைதி படுக்கும் கூடத்துக்கும் வழங்கும் பெயர் ஒன்றே. பெயர் மட்டும்தானா ஒன்று?

நம்மைச் சுற்றியுள்ள படைவீடுகள்

தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்குப் படைவீடு புதிதன்று. கிழக்கிந்தியக் கும்பினியின் காலத்தில் பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. அதையடுத்த பல்லாவரத்தில் இந்தியச் சிப்பாய்கள் குடியமர்த்தப்பட்டார்கள். பிற்காலத்தில் ஓய்வூதியம் பெற்ற பழைய சிப்பாய்களும் அங்கே வாழ்ந்தார்கள். வெள்ளைப் பீரங்கிக்காரர் மலையடியில், கறுப்புச் சிப்பாய் அடுத்த ஊரில் என்பது அக்காலத்து ஏற்பாடு. பரங்கிமலை, பல்லாவரம் என்னும் இரண்டின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய கன்டோன்மென்ட் வாரியம் அக்காலத்தின் நினைவாக நிற்கிறது.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின், 1963ல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அது அதிகாரிகள் பயிற்சிக் கழகம். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெற்றுப் படையதிகாரிகளாக வெளிவருகின்றனர். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு, விமானப் பயிற்சியாளர்களை உருவாக்கும் பள்ளி 1954ல் அம்பாலாவிலிருந்து வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பயிற்சி விமானங்கள் வட்டமிடுவதைக் காணலாம். இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவன. தேசிய மாணவர் படையில் இருக்கும் நம் கல்லூரி நண்பர்கள் பத்து நாள் முகாமுக்குச் சென்று வந்து சொல்லும் கதைகளும் சுவையானவையே.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். பாரக் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். "ஒரு இரும்புக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, கொசுவலை. இதான் தம்பி என் வீடு, இருபத்தெட்டு வருஷம். விடியறதுக்கு முன்னாடி எழுப்பிடுவான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆள் எண்ணுவான். ஒரு ஆள் குறைஞ்சாலும் யாரும் தூங்க முடியாது" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு தம்பி, லீவுச் சீட்டு கையிலே இருந்தா வாசல்லே யாரும் நம்மைத் தடுக்க முடியாது" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன அந்த விடுப்புச் சீட்டைப் பற்றித்தான் நான் பின்னர் நெடுநேரம் சிந்தித்தேன்.

கட்டடத்தின் இயல்பு

படைவீட்டின் அமைப்பை நான்கே கூறுகளில் சொல்லிவிடலாம். சுற்றிலும் மதில், போக வர ஒரே வாயில், உள்ளே ஒரே அளவான படுக்கைகளின் வரிசை, காலையும் மாலையும் தலை எண்ணும் வழக்கம். தனியறை இல்லை. ஊரோடு ஒட்டில்லை. உணவும் உடையும் உறக்கமும் பிறர் வகுத்த நேரப்படி.

இந்நான்கும் சிறைக்கும் அப்படியே பொருந்துகின்றன என்பதைக் கவனியுங்கள். மதிலின் மேல் நிற்கும் காவலன் வெளியே பார்த்து நின்றால் அது படைவீடு. உள்ளே பார்த்து நின்றால் அது சிறை. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதனால்தான் போர் முடிந்தோ, படை இடம் மாறியோ காலியாகும் படைவீடுகளை அரசுகள் உடனே தடுப்பு முகாம்களாக மாற்றிவிடுகின்றன. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கில அரசு 1901ல் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களை வைத்த இடங்களுள் திருச்சிராப்பள்ளியும், நீலகிரியில் வெலிங்டனும் கேத்தியும் அடங்கும். எங்கோ ஆப்பிரிக்காவில் உழுதுகொண்டிருந்த குடியானவன் நம் நீலகிரியில் கைதியாகக் கிடந்தான்!

நோய் கொன்ற வீரர்கள்

படைவீடு தன் சொந்த வீரனுக்கே எமனாக இருந்த காலமும் உண்டு. கும்பினி ஆட்சியில் இருவகை ஏற்பாடு இருந்தது. வெள்ளைச் சிப்பாய் பெரிய கூடங்களில் நெருக்கமாக அடைக்கப்பட்டான். இந்தியச் சிப்பாயோ 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடிசைகளில், பெரும்பாலும் தன் மனைவி மக்களோடு வாழ்ந்தான்.

இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் சுகாதார நிலையை ஆராய 1859ல் ஒரு அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1863ல் வெளிவந்த அதன் அறிக்கை ஆங்கிலேயரையே திடுக்கிட வைத்தது. ஆண்டுதோறும் ஆயிரம் வீரருக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். போரில் இறந்தவர் சிலரே. காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, ஈரல் நோய், காலரா ஆகியவையே பெரும்பாலோரைக் கொண்டுபோயின. தாழ்வான தரை, காற்றோட்டமில்லாத கூடம், கழிவுநீர் கலந்த கிணறு, அளவில்லாத சாராயம் இவையே காரணங்கள். இவ்வறிக்கைக்குப் பின்னால் நின்று உழைத்தவர் விளக்கேந்திய மாதரசி எனப் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்திய மண்ணை ஒருமுறையும் மிதித்தவரல்லர். இந்தியப் படைவீடுகளுக்குக் கேள்வித்தாள்கள் அனுப்பி, வந்த விடைகளையும் புள்ளிவிவரங்களையும் கொண்டே உண்மையை வெளிக்கொணர்ந்தார். அதன்பின் கட்டப்பட்ட படைவீடுகளில் தரை உயர்த்தப்பட்டது. தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் வந்தன. ஆளுக்கு இத்தனை இடம் வேண்டும் என்ற கணக்கும் வந்தது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. உள்ளே இருப்பவர்களின் சாவை எவரேனும் எண்ணி, எழுதி, வெளியே சொன்னால் கொட்டடியும் வீடாக மாறும். எண்ணுவார் இல்லையேல் வீடும் கொட்டடியாகும்.

வேலூர், 1806

படைவீடு, சிறை, கொலைக்களம் ஆகிய மூன்றும் ஒரே மதிலுக்குள் ஒரே நாளில் சந்தித்த இடம் நம் தமிழகத்திலேயே இருக்கிறது. அது வேலூர்க் கோட்டை.

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த அக்கோட்டை, அகழி சூழ்ந்த கருங்கல் கோட்டை. கும்பினியார் கைக்கு வந்தபின் அது முழுவதும் படைக்கோட்டையாயிற்று. சிற்ப எழில் மிக்க சலகண்டேசுவரர் கோயில்கூட ஆயுதச் சாலையாகப் பயன்படுத்தப்பட்டது. நெடுங்காலம் மூர்த்தியின்றிக் கிடந்த அக்கோயிலில் 1981ஆம் ஆண்டில்தான் மீண்டும் இறைவன் எழுந்தருளினார்.

1799ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மடிந்தபின், அவருடைய புதல்வர்களும் மகளிரும் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, கோட்டைக்குள் இருந்த மகால்களில் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களைக் காத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். கைதிக்கும் காவலனுக்கும் ஒரே எசமானன்.

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உடை ஒழுங்கு வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதில், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவின் மனமும் புண்பட்டது; இசுலாமியர் மனமும் புண்பட்டது. 1806 மே மாதத்தில் வேலூரில் இதை மறுத்த சிப்பாய்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்குச் சாட்டையடி நிறைவேற்றப்பட்டது. ஏதோ நடக்கப்போகிறது என்று முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் முன்கூட்டியே அதிகாரியிடம் எச்சரித்தார். அவர் சொல்லை நம்பவில்லை.

சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே தங்கள் குடிசைகளில்தான் உறங்குவார்கள். சூலை 10ஆம் நாள் காலையில் அணிவகுப்பு என்பதால் முந்தின இரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். அந்நாட்களில் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணமும் கோட்டைக்குள் நடந்தது. நள்ளிரவு கடந்து சில நாழிகையில் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவினர் உறங்கிக்கொண்டிருந்த படைவீட்டின் கதவு சன்னல்கள் வழியே குண்டுகள் பாய்ந்தன. பலர் படுக்கையிலேயே மாண்டார்கள். அப்பிரிவினருள் 100க்கும் மேற்பட்டோரும், கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் உள்ளிட்ட அதிகாரிகள் பலரும் கொல்லப்பட்டார்கள். திப்புவின் கொடி கோட்டையில் ஏறியது.

செய்தி ஆர்க்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்தார். பீரங்கியால் வாயிற்கதவு தகர்க்கப்பட்டது. நண்பகலுக்குள் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்பு நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ 100 சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, பந்தாட்டக் களத்தின் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. அன்று மாண்ட சிப்பாய்கள் 300க்கும் மேற்பட்டோர். பிறகு விசாரணை நடத்திப் பீரங்கி வாயில் கட்டிச் சிலரைச் சுட்டதும், சிலரைத் தூக்கிலிட்டதும், சிலரை நாடு கடத்தியதும் தனி.

வட இந்தியாவில் 1857ல் எழுந்த பெருங்கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகள் முன்பே வேலூர் எழுந்தது என்று நாம் பெருமிதம் கொள்கிறோம். 2006ல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. பெருமிதம் தவறன்று. எனினும் நான் கோட்டைக்குள் நின்று பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது. உறங்கியவனைச் சுட்டதும், ஆயுதமிழந்தவனைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் ஒரே காலைப்பொழுதின் செயல்கள். அடக்குமுறையை எதிர்த்து எழுந்தவர் பக்கமே என் நெஞ்சம் நிற்கிறது. ஆயினும் கட்டிலில் கிடந்த கூலிப்படை வீரனும் எங்கோ ஒரு தாய் பெற்ற மகன்தானே? உடை ஒழுங்கை எழுதிய மேலதிகாரிகளுக்கு நேர்ந்தது என்ன? கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் 1807ல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவ்வளவே. பெண்டிங் பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார்.

ஒரே கோட்டை, பல கைதிகள்

கிளர்ச்சிக்குப் பின் திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். மகால்கள் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815ல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1816ல் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். மதுரை நாயக்கர் மரபோடு உறவுடைய அம்மன்னர், 1832 சனவரி 30ஆம் நாள் வேலூரிலேயே உயிர் நீத்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவிடம். கோட்டைக்குள் 'திப்பு மகால்', 'கண்டி மகால்' என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அரண்மனைப் பெயர்கள் போல ஒலிக்கின்றன. உண்மையில் அவை கைதிகள் விட்டுச்சென்ற பெயர்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவிலும் அக்கோட்டை தடுப்புக் காவலுக்குப் பயன்பட்டது. 1990களின் முற்பகுதியில், இலங்கைப் போராளி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் எனக் கருதப்பட்டோர் திப்பு மகாலில் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் அடைக்கப்பட்டார்கள். 1995 ஆகத்தில் அவர்களுள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியது நாடெங்கும் பெரும் செய்தியாயிற்று. சிறப்பு முகாம் என்பது சட்டத்தின் கண்ணில் சிறைச்சாலை அன்று. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்படி, குறித்த இடத்தில் தங்கியிருக்குமாறு பிறப்பிக்கும் ஆணையே அதற்கு அடிப்படையாக இருந்தது. நீதிமன்றத் தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. இத்தகைய ஆணைக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. அவர்கள் செய்தது சரியா, தவறா என்பது வேறு கேள்வி. பெயரை 'முகாம்' என்று மாற்றியதும் கேள்வி கேட்கும் வழியும் குறுகிப்போகிறது என்பதே நான் சுட்ட விரும்புவது.

உலகம் கண்ட கொட்டடிகள்

போலந்து நாட்டில் ஆஸ்விட்ஸ் என்னும் இடத்தில் அந்நாட்டுப் படைக்குரிய செங்கல் படைவீடுகள் இருந்தன. 1940ல் ஹிட்லரின் ஆட்கள் அவற்றையே வதை முகாமாக்கினார்கள். முதலில் அடைக்கப்பட்டவர்கள் போலந்து அரசியல் கைதிகள். இடம் போதாதபோது அருகில் பிர்க்கெனாவில் மரக் கொட்டடிகளை எழுப்பினார்கள். அவற்றுள் பல, 52 குதிரைகளுக்காக வரையப்பட்ட லாயத்தின் அமைப்பில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 400க்கும் மேற்பட்ட மனிதர்கள் அடைக்கப்பட்டார்கள். அம்முகாமில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். மாட்டுக்கும் கைதிக்கும் ஒரே சொல்லை வழங்கும் நம் தமிழ், இங்கே எவ்வளவு கொடிய உண்மையாகிவிட்டது பாருங்கள்.

நம்மவர் வாழ்ந்த கீழை நாடுகளிலும் இது நடந்தது. சிங்கப்பூரில் சாங்கி வட்டாரத்தில் உள்ள செலராங் படைவீடு ஏறத்தாழ 800 வீரருக்காகக் கட்டப்பட்டது. 1942 செப்டம்பரில், தப்பியோட மாட்டோம் என்று கையெழுத்திட மறுத்த போர்க்கைதிகள் 15,000க்கும் மேற்பட்டோரை சப்பானியர் அதற்குள்ளும் அதன் முற்றத்திலும் திணித்தார்கள். குடிநீருக்குத் தட்டுப்பாடு, வயிற்றுக்கடுப்பு பரவியது. நான்காம் நாள் அவர்கள் கையெழுத்திட நேர்ந்தது. தங்களைக் கட்டிக் காத்த படைவீடே அவர்களுக்குத் தண்டனைக் கருவியாயிற்று.

உழைப்பவனின் 'லயம்'

படைவீட்டின் வரிசை அமைப்பு, ஆயுதம் ஏந்தாத தமிழனையும் விட்டுவைக்கவில்லை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளுக்கு 'லைன்' என்றே பெயர். மக்கள் வாயில் அது 'லயம்' ஆயிற்று. ஒரே கூரை, ஒட்டியபடி சிற்றறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியலில் கொம்பு ஊதி அல்லது தப்படித்து எழுப்புவார்கள். பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள். 'பிரட்டு' என்பதே படையணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மரூஉ. சிப்பாயின் நாள் ஒழுங்கு அப்படியே தோட்டத்துக்குப் போனது. சிப்பாய்க்கு இருந்த விடுப்புச் சீட்டும் ஓய்வூதியமும் மட்டும் போகவில்லை.

கடல் கடக்கும் முன் அவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாம். 'மண்டபம் கேம்ப்' என்று இரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. 1983க்குப் பின் இலங்கையில் இருந்து உயிர் தப்பி வந்தவர்களை ஏற்றதும் அதே மண்டபம்தான். போனவர்களை எண்ணிய இடத்திலேயே வந்தவர்களையும் எண்ணினார்கள். 2021ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல பெயர்தான். அங்கே பிறந்து வளர்ந்து கல்லூரிக்கும் வந்துவிட்ட ஒரு மாணவனுக்கு 'மறுவாழ்வு' என்னும் சொல் எந்நாளில் வெறும் 'வாழ்வு' ஆகும் என்பதே கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆனால் பகைநாட்டாருக்கும், தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டோருக்கும் இப்பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. 33ஆம் பிரிவோ, படைவீரரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கொட்டடியில் அடைபட்டவனும் உரிமை குறைந்தவன். அவனைக் காத்து நிற்பவனும் உரிமை குறைந்தவன். ஒழுக்கத்துக்காகவும் நாட்டின் பாதுகாப்புக்காகவும் சில கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆயின் உரிமை குறைந்த இடத்தில் கண்காணிப்பு மிகுந்திருக்க வேண்டும். 1805ல் வந்த உடை ஒழுங்கைக் கேள்வி கேட்கச் சிப்பாய்க்கு முறையான ஒரு வழி திறந்திருந்தால், 1806 சூலை 10 வேறுவிதமாக விடிந்திருக்கக்கூடும் அன்றோ?

முடிவுரை

ஒரு படைவீட்டைப் பாசறையாக வைத்திருப்பதும் கொட்டடியாக்குவதும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. உள்ளே இருப்பவனுக்கு வெளியே வரும் நாள் ஒன்று எழுத்தில் இருக்கிறதா? அவனுக்கு நேர்வதை எழுதி வைப்பவர் உண்டா? அவன் குறையைக் கேட்க மதிலுக்கு வெளியே ஒரு மன்றம் உண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற விடை இருக்கும்வரை அது பாசறை. விடை 'இல்லை' என்றால், வாயிலில் என்ன பெயர்ப்பலகை தொங்கினாலும் அது கொட்டடிதான்.

தில்லிச் செங்கோட்டையில் 1857க்குப் பின் ஆங்கிலேயர் அரண்மனைப் பகுதிகளை இடித்துப் படைவீடுகள் கட்டினார்கள். 1945ல் இந்தியத் தேசியப் படையின் வீரர்கள் மீது வழக்கு நடந்ததும் அந்தக் கோட்டைக்குள்தான். மலேயாத் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்திருந்த படை அது. இன்று அப்படைவீடுகளுட் சில அருங்காட்சியகங்களாகி, நேதாசியின் படையைப் பற்றிய காட்சியகமும் 2019ல் அங்கே திறக்கப்பட்டுள்ளது. கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்கும் வழி இது. வேலூரில் மாண்ட கர்னல் பேன்கோர்ட்டின் பெயரைப் புத்தகங்கள் சொல்கின்றன. சுவரோரம் வீழ்ந்த சிப்பாய்களோ ஓர் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். அச்சுவர் பற்றியும் மகால்கள் பற்றியும் கோட்டைக்கு வரும் பள்ளிச் சிறுவன் படித்தறியும்படி, தமிழில் விரிவான விளக்கப் பலகைகள் வேண்டும்.

நம்மால் செய்யக்கூடியதும் உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் ஓய்வுபெற்ற படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கிறார்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆளுக்கு ஒருவரைச் சந்தித்து அவர்தம் படைவீட்டு வாழ்க்கையை எழுதி வாங்கினால், ஆண்டு மலரின் அடுத்த சில இதழ்களுக்கு அதுவே போதும். முகாம்களில் இருந்து நம்மோடு படிக்க வரும் நண்பர்களிடமும் அவ்வாறே கேட்கலாம். காத்தவன் சொல்வதும் காக்கப்பட்டவன் சொல்வதும் அருகருகே அச்சேறட்டும். பேராசிரியர்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். எங்கள் தெருச் சுபேதாரைச் சந்திக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.